பொடித்துவிட்டால் சாட்சி போச்சு

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு ஒரு நம்பிக்கை. நான் பீன்யாவில் மூலிகை எக்ஸ்ட்ராக்ட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு லேபில் வேலை பார்க்கிறேன். அதனால் எந்தப் பொட்டலத்தை நீட்டினாலும் ஏதோ மிஷினில் போட்டு நல்லது கெட்டது சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறார். போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு டெங்கு வந்ததும், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த நிலவேம்புக் குடிநீர்ப் பொடியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"இது சுத்தமான சரக்கான்னு உங்க லேப்ல பாத்துச் சொல்லுப்பா. நீதான் தினமும் இதே வேலையா இருக்கியே."

லேபிள் கிடையாது. பச்சையும் பழுப்புமாகக் கரகரப்பான பொடி, நூறு கிராம் இருக்கும். அறுபது ரூபாய்க்கு வாங்கியதாம். மோந்து பார்த்தால் வெட்டிவேர் வாசனை, நாக்கில் வைத்தால் கசப்பு. அதற்கு மேல் அங்கேயே நின்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. "முழுசா இருக்கும்போது காட்டியிருந்தா உடனே சொல்லியிருப்பேன் பெரியம்மா, பொடிச்சப்புறம் கஷ்டம்" என்றேன். நான் நழுவுகிறேன் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பொட்டலத்தை வாங்கி டப்பாவில் போட்டு மூடினார். நான் அதிலிருந்து ஒரு ஸ்பூன் மட்டும் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தேன்.

நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள்: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம். ஒன்பதும் சம எடை. இங்கே லேபே தேவைப்படாத ஒரு சோதனை இருக்கிறது. சம எடை என்றால் நூறு கிராமில் சந்தனம் பதினோரு கிராம் இருக்க வேண்டும். நல்ல வைரமேறிய சந்தனக் கட்டை கிலோ 8,000 ரூபாய் என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் பதினோரு கிராம் 88 ரூபாய். பொட்டலம் முழுவதும் அறுபது ரூபாய். மற்ற எட்டுச் சரக்கையும் கடைக்காரர் இனாமாகத் தந்தால்கூடக் கணக்கு உதைக்கிறது. வைரம் இல்லாத வெளுப்புக் கட்டையோ, வேறு ஏதோ மரத்தூளோ, அல்லது சந்தனமே போடாததோ, ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. பெரியம்மாவிடம் இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை.

சந்தனம் விலைப் பிரச்சினை. விலாமிச்சையும் பற்பாடகமும் பெயர்ப் பிரச்சினை, அது இன்னும் சிக்கலானது. விலாமிச்சை காட்டில் பிடுங்கி வரும் வேர் இல்லை. காவிரிக் கரையில் கும்பகோணம் பக்கம் சிலர் பயிர் செய்கிறார்கள், கிடைப்பதே கொஞ்சம். கிடைக்காதபோது வெட்டிவேரையே இரண்டு பங்காகப் போட்டுவிடுவது உண்டு. பற்பாடகம் என்று சித்த மருத்துவர் எழுதினால் அது மொல்லுகோ என்ற சிறு பூண்டு. கேரளத்தில் பர்ப்படகம் என்று கேட்டால் கொடுப்பது ஓல்டன்லாண்டியா என்ற வேறு செடி. டெல்லிக்குப் போய் பர்ப்படம் கேட்டால் ஃப்யூமேரியா என்ற மூன்றாவது செடி வரும். மூன்றும் மூன்று குடும்பம். யாரும் ஏமாற்றவில்லை, அவரவர் மரபில் அவரவர் சரி.

பெங்களூரில் இந்தக் குழப்பம் இரட்டிப்பு. அல்சூரில் தமிழ்க் குடும்பம் நடத்தும் நாட்டு மருந்துக் கடைக்குச் சரக்கு விருதுநகரிலிருந்து வரும். சிக்பேட்டைப் பக்கம் கிரந்திகெ அங்கடி என்று கன்னடத்தில் போர்டு போட்ட கடைக்கு வடக்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வரும். வாடிக்கையாளர் தமிழில் கேட்பார், கடைப் பையன் கன்னடத்தில் புரிந்துகொள்வான், மூட்டையில் ஒட்டிய சீட்டு இந்தியில் இருக்கும். நம் ஊரில் வல்லாரை வேறு, நீர்ப்பிரம்மி வேறு. இங்கே வல்லாரையைக் கன்னடத்தில் ஒந்தெலகா என்பார்கள், அதையே பிரம்மி என்று விற்பவர்களும் உண்டு. ஆயுர்வேத நூல் வழியில் போகிறவருக்கோ பிரம்மி என்றால் பக்கோப்பா என்ற நீர்ப்பிரம்மிதான். ஞாபக சக்திக்கு என்று இரண்டையும் கொடுப்பதால், வாங்குகிறவருக்கு மாறியதே தெரியாது.

மரமஞ்சள் இன்னும் நல்ல உதாரணம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மரமஞ்சள் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடியான காசீனியம். வடக்கே அதே மருந்துக்குப் பயன்படுவது இமயமலைப் புதரான பெர்பெரிஸ். இரண்டையும் வெட்டினால் உள்ளே மஞ்சள். இரண்டிலும் இருக்கும் மஞ்சள் பொருள் பெர்பெரின்தான். லேபில் பெர்பெரின் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் இரண்டும் பாஸ். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு சரக்குக்கு நானே கையெழுத்துப் போட்டேன். மறுநாள் எங்கள் மூத்த கெமிஸ்ட் மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, குறுக்காக வெட்டி, என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கொடியின் குறுக்குவெட்டில் சக்கரத்தின் ஆரம் மாதிரி அகலமான கதிர்கள் தெரியும். அந்தத் துண்டில் தெரியவில்லை. சீட்டில் எழுதியிருந்தது கொடியின் பெயர், உள்ளே இருந்தது புதர். மிஷின் பொய் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னது.

இதை இந்த ஊரிலேயே முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஹெப்பாலுக்கு அப்பால் ஜி.கே.வி.கே. வளாகத்தில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து, தென்னிந்தியாவில் 25 கடைகளில் கீழாநெல்லி வாங்கிப் பார்த்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில் 76 சதவீதம் சரியான கீழாநெல்லி, அதாவது பிலாந்தஸ் அமாரஸ். மீதி 24 சதவீதத்தில் அதே இனத்தின் வேறு ஐந்து செடிகள் கலந்திருந்தன. எல்லாம் வயல் வரப்பில் பக்கத்துப் பக்கத்தில் முளைப்பவை, இலைக்குக் கீழே நெல்லி மாதிரி காய் தொங்குபவை. பறிக்கிற பெண்ணுக்குக் கிலோ கணக்கில் கூலி. அவர் உட்கார்ந்து காம்பு எண்ணிக்கொண்டிருக்க முடியுமா?

அசோகப் பட்டையின் கதை அப்படியில்லை. 2016இல் வந்த இன்னொரு ஆய்வில் டி.என்.ஏ. பார்த்தபோது, சந்தையில் அசோகப் பட்டை என்று விற்ற மாதிரிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் அசோகமே இல்லை. உண்மையான அசோகு, சீதை அமர்ந்த மரம், காடுகளில் அருகிவிட்டது. பெங்களூர் அபார்ட்மென்ட் வாசல்களில் கம்பம் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்பதை எல்லாரும் அசோக மரம் என்கிறோமே, அது நெட்டிலிங்கம். பெயர் ஏற்கெனவே கைமாறிவிட்டதால் பட்டையும் சுலபமாகக் கைமாறுகிறது. மாதவிடாய்ப் பிரச்சினைக்கு என்று வாங்கிக் குடிப்பவர்கள் எத்தனை பேர் நெட்டிலிங்கக் கஷாயம் குடித்திருப்பார்கள்!

இந்தச் சந்தை சின்னதும் இல்லை. பெங்களூர் எலகங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் எஃப்.ஆர்.எல்.எச்.டி. என்ற நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2008இல் எடுத்த கணக்குப்படி இந்தியாவில் 960 மூலிகைகள் வியாபாரத்தில் இருந்தன. அவற்றில் ஆண்டுக்கு நூறு டன்னுக்கு மேல் போவது 178. 2017இல் வந்த அடுத்த கணக்கில் அது 1,178 ஆகவும் 242 ஆகவும் ஏறியது. ஒவ்வொரு மூலிகைக்கும் ஐந்தாறு மொழிப் பெயர் என்று வைத்துக்கொண்டால், மண்டிகளில் புழங்கும் பெயர்களை எண்ண முடியாது.

சரி, மூட்டை லேபுக்கு வந்துவிட்டது, அங்கே என்ன நடக்கும்? முதலில் எத்தனை மூட்டையைத் திறப்பது என்று பார்ப்போம். மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டுவது வழக்கம். நூறு மூட்டை என்றால் பதினொன்று. அரிசி மண்டியில் மூட்டையைக் குத்திப் பார்க்கும் அதே குத்தூசிதான் பொடிக்கும் விதைக்கும். வேர், பட்டை என்றால் மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டியாக வேண்டும். நான் கட்டாயம் கொட்டச் சொல்வேன். மேலே பெருவிரல் கனத்தில் அழகான அதிமதுரக் குச்சி அடுக்கி, அடியில் ஈர்க்குச்சியாக இருந்த மூட்டையை ஒரு தடவை பார்த்த பிறகு வந்த பழக்கம் அது. கொட்டியதைக் குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை மட்டும் எடுத்து, மறுபடி குவித்து மறுபடி நாலாக்கி, கடைசியில் கையளவுக்குக் கொண்டுவருவோம். பார்க்கிறவர்களுக்கு ஏதோ சடங்கு மாதிரி இருக்கும். இதில் சோம்பல் பட்டால் அதற்குப் பிறகு கோடி ரூபாய் மிஷின் வைத்திருந்தும் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் கண், மூக்கு, நாக்கு. அமுக்கராக் கிழங்கை உடைத்தால் பட்டென்று முறிய வேண்டும், உள்ளே மாவாக வெள்ளையாக இருக்க வேண்டும். வளைந்தால் ஈரம். வசம்பு வாசனை ஏறாவிட்டால் பழசு. திப்பிலியை மென்றால் நாக்கு மரக்க வேண்டும். பூச்சி துளைத்ததா, கல், மண், சணல் நூல் இருக்கிறதா என்று தாம்பாளத்தில் பரப்பிக் கையால் பொறுக்கி எடைபோடுவோம். அயல்பொருள் பெரும்பாலான சரக்குக்கு நூற்றுக்கு இரண்டு வரை தாங்கலாம். எங்கள் லேபில் இந்த வேலைக்கு இருக்கும் அக்காவுக்கு டிகிரி கிடையாது. கலப்படம் பிடித்துக் கொடுத்ததில் எங்கள் எல்லாரையும்விட அவர் முன்னால் நிற்கிறார்.

அடுத்தது சாம்பல் சோதனை. எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை, காரணம் இதில் மர்மமே இல்லை. இரண்டு மூன்று கிராம் பொடியைச் சிலிக்கா கிண்ணத்தில் வைத்து 450 டிகிரியில் கரி போகும்வரை எரிக்கிறோம். செடியின் சதையெல்லாம் புகையாகிவிடும். உப்பும் மண்ணும் மட்டும் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ மிஞ்சும். அந்தச் சாம்பலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிக் கொதிக்க வைத்தால் செடிக்குச் சொந்தமான உப்புகள் கரைந்துவிடும். கரையாமல் நிற்பது பெரும்பாலும் மணல். அதிமதுரத்துக்கு இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூல் மொத்தச் சாம்பல் பத்து சதவீதமும் அமிலத்தில் கரையாதது இரண்டரை சதவீதமும் தாண்டக் கூடாது என்கிறது. தாண்டினால், வேரைக் கழுவாமல் காயவைத்திருக்கிறார்கள், இல்லையென்றால் எடைக்கு மண் சேர்த்திருக்கிறார்கள். எப்படியும் மூலிகை விலைக்கு மண் வாங்குகிறோம்.

சாம்பல் சரியாக இருந்தும் சரக்கு மோசமாக இருக்கலாம். ஈர்க்குச்சி அதிமதுரம் என்று சொன்னேனே, அதில் சாம்பல் அளவுக்குள்தான் இருந்தது. தண்ணீரில் ஊறவைத்து எவ்வளவு கரைகிறது என்று பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. குறைந்தது இருபது சதவீதம் கரைய வேண்டிய இடத்தில் பன்னிரண்டுதான் கரைந்தது. மென்று பார்த்தேன், இனிப்பு ஏதோ நினைவு மாதிரி வந்து போனது. ஏற்கெனவே ஒருவர் சாறு இறக்கிவிட்டு, சக்கையைக் காயவைத்து, நல்ல குச்சியோடு கலந்திருக்கிறார். டிகாக்ஷன் இறக்கிய காபித்தூளை மறுபடி பாக்கெட் போட்டு விற்ற கதைதான். சப்ளையர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்.

இதுவரை சொன்னது எல்லாம் சில நூறு ரூபாய்ச் செலவில் முடிகிற காரியம். சரக்கு முழுதாக இருந்தால் போதும். பொடியாகிவிட்டால் நம் கையில் மிஞ்சுகிற பெரிய சாட்சி மைக்ராஸ்கோப். பெரியம்மாவின் ஒரு ஸ்பூன் பொடியை ஒரு சனிக்கிழமை, வேலை ஓய்ந்த பிறகு, சிலைடில் வைத்துப் பார்த்தேன். குளோரல் ஹைட்ரேட்டில் சூடாக்கினால் பச்சையெல்லாம் வெளுத்து செல்கள் கண்ணாடி மாதிரி தெரியும். நிலவேம்பு இலையின் மேல்தோலில் சிஸ்டோலித் என்ற சுண்ணக் கட்டிகள் இருக்கும், அமிலம் பட்டால் குமிழி விட்டுக் கரையும். அவை இருந்தன, ஏராளமாக. இன்னொரு சிலைடைத் தண்ணீரில் போட்டு அயோடின் விட்டதும் சுக்கின் தட்டையான மாவுமணிகள் நீலமாயின. மிளகுத் தோலின் கல்செல்கள் இருந்தன. சந்தனம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மரநார் கிடந்தது, ஆனால் எந்த மரம் என்று அந்தத் துணுக்கை வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். விலாமிச்சையா, இன்னும் கொஞ்சம் வெட்டிவேரா என்பதும் அப்படியே. ஆக, இருக்கிற மூன்றை இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. ஒன்பதும் இருக்கிறதா, சம எடையா என்பதற்குச் சாட்சி வாய் திறக்கவில்லை.

மெல்லடுக்கு முறையில் இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்கும். கண்ணாடித் தட்டின் அடியில் சரக்கின் சாற்றைக் கோடாக இட்டு, கரைப்பானில் நிற்க வைத்தால், அது மேலே ஏறும்போது உள்ளே இருக்கும் பொருட்கள் தனித்தனிப் பட்டையாகப் பிரிந்து நிற்கும். அல்ட்ரா வயலட் விளக்கில் நீலமும் ஆரஞ்சும் பச்சையுமாக, சேலைக் கரை மாதிரி. பக்கத்திலேயே அடையாளம் உறுதியான சரக்கின் சாற்றையும் ஓட்டிக் கரையோடு கரை பொருத்திப் பார்ப்போம். மரமஞ்சள் விஷயத்தில் நான் பெர்பெரின் எண்ணை மட்டும் பார்க்காமல் இந்தத் தட்டை முழுதாகப் பார்த்திருந்தால் தப்பியிருப்பேன். டி.என்.ஏ. சோதனை வேருக்கும் இலைக்கும் அருமையாக வேலை செய்யும். ஆனால் அது எந்தச் செடி என்று சொல்லுமே தவிர, வேரா இலையா என்று சொல்லாது. கொதிக்க வைத்து, வடிகட்டி, வற்றவைத்த எக்ஸ்ட்ராக்டில் பெரும்பாலும் டி.என்.ஏ.வே மிஞ்சாது.

எக்ஸ்ட்ராக்ட் என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். கேப்சூலுக்குள் இருக்கும் அந்தப் பழுப்புத் தூளில் செல் கிடையாது, நார் கிடையாது, மாவுமணி கிடையாது. மிஞ்சுவது ஒரு எண். "வித்தனோலைடு 5%", "குர்குமினாய்டு 95%" என்று முக்கியப் பொருளின் அளவைப் பாட்டிலில் போடுகிறார்களே, அது. வாங்குகிறவர் எண்ணைப் பார்த்து வாங்குகிறார் என்று தெரிந்தால், விற்கிறவர் எண்ணைத்தான் தயாரிப்பார். மருந்தைத் தயாரிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லாமல் போகிறது.

அமுக்கராவில், அதாவது அஸ்வகந்தாவில், நடந்தது இதுதான். மரபில் பயன்படுவது கிழங்கு. வித்தனோலைடு வகைப் பொருட்கள் இலையிலும் உண்டு, முக்கியமாக வித்தாஃபெரின் ஏ என்பது இலையில் தாராளம். கிழங்கு விலை அதிகம். இலையோ கிழங்கு பிடுங்கியபின் வயலில் கழிவாகக் கிடக்கும். இலையைச் சேர்த்து எடுத்தால் எண் தானாக ஏறிவிடும். அதனால் 2021இல் ஆயுஷ் அமைச்சகம் தயாரிப்பாளர்களுக்கு இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்ல வேண்டிவந்தது. லேபில் இதைப் பிடிப்பதற்கு மொத்த எண்ணைப் பார்த்தால் போதாது, எந்த வித்தனோலைடு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விகிதம் போட வேண்டும். மஞ்சளிலும் அப்படியே. தொழிற்சாலையில் செயற்கையாகச் செய்த குர்குமினைக் கலந்தால் 95 வந்துவிடும், ஆனால் இயற்கை மஞ்சளில் குர்குமினோடு கூடவே வரும் இரண்டு உடன்பிறப்புகள் இருக்க வேண்டிய அளவில் இருக்காது. அந்த இரண்டையும் சேர்த்துச் செய்யக் கற்றுக்கொண்டவர்களுக்கு எதிராகக் கார்பன்-14 சோதனை வந்தது. பெட்ரோலியத்திலிருந்து வந்த கார்பன் பல கோடி ஆண்டுப் பழசு, செடியிலிருந்து வந்தது போன வருஷத்துடையது. திருடன் போலீஸ் ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் செலவு கூடிக்கொண்டே போகிறது. கடைசியில் அதை யார் தலையில் கட்டுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு வகை உண்டு, அதைக் கலப்படம் என்று சொல்வதே மரியாதை. மூட்டுவலிப் பொடியில் ஸ்டீராய்டு, சர்க்கரை நோய்ச் சூரணத்தில் கிளிபென்கிளமைடு, ஆண்மைக்கு என்று விற்கும் லேகியத்தில் சில்டெனாஃபில், எல்லாமே இங்கிலீஷ் மருந்து. மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்று யாராவது மூலிகைப் பொடியைப் புகழ்ந்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு முகம் ஊதி, சர்க்கரை ஏறி, திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகும். டாக்டர் கேட்டால், "நாட்டு மருந்துதாங்க சாப்பிட்டேன்" என்பார்.

பெயர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் மறக்காத உதாரணம் பெல்ஜியத்தில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில், ஸ்டெஃபானியா என்ற சீன மூலிகைக்குப் பதில், சீன மொழிப் பெயரில் ஒலி ஒத்த அரிஸ்டோலோக்கியா கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, பின்னால் சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. அந்த அரிஸ்டோலோக்கியா இனம் நமக்கு அந்நியம் இல்லை. ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனம்தான், சிறுநீரகத்தைக் கெடுத்த அதே அரிஸ்டோலோக்கிக் அமிலம் அவற்றிலும் உண்டு. இங்கே கொரோனாக் காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்தவர்களுக்கு ஈரல் பாதிப்பு வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அவர்கள் குடித்தது உண்மையான சீந்திலா, அதைப் போலவே இருக்கும் டினோஸ்போரா கிரிஸ்பாவா என்று ஆயுஷ் அமைச்சகம் கேட்டது. மருத்துவர்கள் தரப்பில், சீந்திலேதான் என்றார்கள். என் பார்வையில் அந்தச் சண்டை தேவையே இல்லாதது. குடித்த கொடியின் ஒரு முழம் காய்ந்த துண்டு ஒவ்வொரு நோயாளி வீட்டிலும் இருந்திருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும்.

உலோகம், பூச்சிமருந்து, பூசணம், கிருமி என்று இன்னொரு வரிசைச் சோதனை இருக்கிறது. ஈயம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு, ஆர்செனிக் மூன்று, பாதரசம் ஒன்று, காட்மியம் 0.3 என்பது மூலிகைக்கு வைத்த எல்லை. பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் உலோகம் கண்டுபிடித்ததாக 2004இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. 2006 ஜனவரி 1 முதல் ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு உலோகச் சோதனை கட்டாயம் ஆனது. கப்பலேறும் சரக்குக்கு முதலில் வந்த கட்டாயம் அல்சூருக்குப் போகும் சரக்குக்கு வரவில்லை என்பது என் பழைய மனத்தாங்கல். பற்பம், செந்தூரம் சமாச்சாரம் வேறு, அங்கே உலோகமே மருந்து. விரல் ரேகையில் படிகிறதா, தண்ணீரில் மிதக்கிறதா என்று அதற்கு மரபே சோதனை வைத்திருக்கிறது. அதை இங்கே கலந்து பேசினால் குழப்பம்தான்.

வீட்டில் யாரும் யோசிக்காத ஒரு விஷயம், எந்த வடிவத்தில் சாப்பிடுகிறோம் என்பது. குடிநீரைக் கொதிக்க வைப்பதால் கிருமிகளில் பெரும்பகுதி செத்துவிடும். திரிகடுகுச் சூரணத்தைத் தேனில் குழைத்து அப்படியே நக்குகிறோம், அங்கே கிருமி எண்ணிக்கை ரொம்ப முக்கியம். பூசணம் விட்டுச்செல்லும் அஃப்ளாடாக்சின் நஞ்சோ கொதித்தாலும் போகாது. ஈயமும் போகாது. மழைக்காலத்தில் கட்டி தட்டிய பொடியை வெயிலில் உலர்த்திச் சலித்தால் பார்வைக்குப் புதுசாகிவிடும், நஞ்சு உள்ளேயே இருக்கும். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று தோலைச் சீவவும் கொட்டையை எடுக்கவும் சொல்லிவைத்த பெரியவர்கள் சுத்தி என்று ஒரு படியே தனியாக வைத்தார்கள். கடையில் பொடியாக வாங்கும்போது அந்தச் சுத்தி நடந்ததா என்று பார்க்க நமக்கு வழி இல்லை. சுக்கின் தோல் எங்கே போயிருக்கும் என்று யோசித்தால் பதில் தெரியும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்குள் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகள் 1964இல் கொண்டுவரப்பட்டன. நல்ல தயாரிப்பு முறைகளுக்கான டி (T) அட்டவணை 2000இல் வந்தது. சித்த மருந்தியல் நூலின் முதல் தொகுதி வரவே 2008 ஆனது. தயாரிக்க லைசென்ஸ் வேண்டும், விற்க வேண்டியதில்லை. தன் நோயாளிக்குத் தானே மருந்து செய்து கொடுக்கும் வைத்தியருக்கு இரண்டுமே வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் மூட்டையிலிருந்து அள்ளித் தரும் சரக்கை யாரும் வந்து மாதிரி எடுத்துப் போவதை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. லேபிள் ஒட்டிய மருந்து என்றால் ஒரு பிடிமானம் உண்டு. தாவரவியல் பெயரும், வேரா இலையா பட்டையா என்பதும் லேபிளில் இருந்தாக வேண்டும். "அஸ்வகந்தா எக்ஸ்ட்ராக்ட்" என்று மட்டும் போட்டு எந்தப் பாகம் என்று சொல்லாத பாட்டிலை நான் வாங்குவதில்லை.

கார்த்திகைக்கு முந்தின வாரம் பெரியம்மா போன் பண்ணினார். "நீ சொன்னியேன்னு இந்தத் தடவை ஒம்போதும் தனித்தனியா வாங்கியாந்துட்டேன், வந்து பாரு." மொட்டை மாடியில் ஒன்பது முறத்தில் பரப்பி வைத்திருந்தார். நிலவேம்பு பூவும் காயுமாக நல்ல முற்றல். கோரைக்கிழங்கில் பாதி பூச்சி அரித்திருந்தது, ஒதுக்கினோம். பேய்ப்புடல் பரவாயில்லை. பற்பாடகத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மெல்லிய தண்டு, ஒரே கணுவில் சுற்றிவர ஊசி இலை. மொல்லுகோதான், ஆனால் கால்வாசி புல். அவரே உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். சந்தன முறத்தில் மட்டும் சின்னதாக ஒரே ஒரு துண்டு இருந்தது.

"இவ்ளோதான் வாங்க முடிஞ்சுது" என்றார். "விலாமிச்சை கேட்டேன், கடைக்காரர் சிரிச்சுட்டு வெட்டிவேரையே இன்னொரு பொட்டலம் கட்டினாரு. வேண்டாம்னுட்டேன்."

முறத்தை எண்ணினேன். ஒன்பதாவதில் காய்ந்த மிளகாய் கிடந்தது, அது சமையலுக்கு.